ஒற்றைப்படையில் கரை சேர்ந்த பரிசம்

பரிசம் போடப் போகிற நாளில் மாப்பிள்ளை என்னவெல்லாம் செய்யக்கூடாது என்று ஆளுக்கு ஆள் அறிவுரை சொன்னார்கள். பேசி முடித்த வேனை வேண்டாமென்று சொல்லக்கூடாது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்கிற மண்டையா இது?)

அப்போது நான் காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பாய்மரப் படகைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். கடல் கடலாகச் சுற்றிய படகு. வயதான காலத்தில் அதை லொறியில் ஏற்றி மலைக்கே கொண்டுவந்துவிட்டார். குனிந்து நுழைகிற ஓர் அறை, இரண்டு படுக்கை, சின்ன அடுப்பு எல்லாம் அதில் உண்டு. துரை பக்கத்தில் இருந்தால் நன்றாக ஓட்டுவேன். துரை இல்லாமல் ஓட்டியதே இல்லை என்பதை வீட்டில் மூச்சு விடவில்லை.

நான் கட்டிக்கொள்ளப்போகிற கோகிலா இருந்த தேயிலைத் தோட்டம் அக்கரையில். "வேன்ல எல்லாருந்தான் வருவாங்க. நான் பாய்மரக் கப்பல்ல வாறேன் பாரு" என்று போனில் அவளிடம் அளந்துவிட்டேன். அவள் அதை லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டாள். துரையும் சந்தோஷமாகப் படகைக் கொடுத்தார். இன்ஜின்தான் ஹட்டனில் ரிப்பேருக்குக் கிடந்தது. பாய் இருக்கும்போது இன்ஜின் எதற்கு என்றேன் நான்.

சிக்கல் என்னவென்றால், கோகிலாவின் அப்பா ஏற்கெனவே கொதித்துப்போயிருந்தார். என் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று ஒருமுறை பரிசத்தைத் தள்ளிவைத்திருந்தோம். "இந்தத் தடவ பகல் பன்னெண்டுக்குள்ள தட்டு எங்க எடத்துக்கு வந்துறணும். இல்லன்னா உடப்புசல்லாவைல ஒரு பேங்க் மாப்ள கேட்டுக்கிட்டே இருக்காரு" என்று சொல்லியனுப்பியிருந்தார். பெரிய மீசைக்காரர். சொன்னால் செய்கிறவர்.

அன்று காலை கரைக்குப் போனால் அருமையான காற்று. அப்பா, அம்மா, அத்தை, ஒன்பது சீர்த்தட்டுகள், பட்டு வேட்டியில் நான் என்று எல்லாம் ஏறியாயிற்று. கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன்.

"வையிடா கயித்த" என்றார் அத்தை. அப்பாவுக்கு அக்கா. அவர் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. "ராகு காலம். முடியட்டும்."

"அத்தை, காத்து இப்பத்தான் நல்லா இருக்கு."

"காத்து எங்க ஓடிறப் போவுது? இங்கனயேதான் சுத்தும்."

உட்கார்ந்தோம். அத்தை சும்மா இருப்பாரா? படகைக் கூட்டிப் பெருக்கினார். துரையின் படுக்கையைத் தட்டிப் போட்டார். திசைகாட்டிக்கு விபூதி பூசினார். அம்மா அந்தச் சின்ன அடுப்பில் பிளேன்டீ போட்டுக் கொடுத்தார். வெளியே அத்தனை நல்ல காற்றும் வீணாக வீசிக்கொண்டிருந்தது.

ராகு காலம் முடிந்தது, புறப்பட்டோம். நடுத்தண்ணீருக்குப் போனதும் காற்று பொசுக்கென்று நின்றது. பின்னாலேயே பனி இறங்கி எல்லாவற்றையும் மூடிவிட்டது. போனில் சிக்னல் இல்லை. இருந்த ஒரே துடுப்பை வலித்தேன். படகு நின்ற இடத்திலேயே ஒரு வட்டம் போட்டது.

"இப்ப என்ன செய்யணும், கேப்டன்?" என்றார் அப்பா.

"நல்ல காத்துக்குக் காத்திருக்கணும்ப்பா." (நங்கூரம் போட வேண்டும் என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வரவில்லை.)

அப்பாவுக்கு சுகர். கொஞ்ச நேரத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் அம்மா வாழைப்பழத் தட்டைப் பிரித்தார். அவருக்கு ஒன்று கொடுக்கப்போய், ஆளுக்கொன்று என்றாகி, தட்டு காலி.

அத்தைக்கு அப்போதுதான் சுருக்கென்றது. "அய்யய்யோ, தட்டு எட்டாயிருச்சே. ரெட்டப்படைல பரிசம் கொண்டுபோனா வெளங்குமா? அந்தத் தொதலையும் தின்னு முடிங்க."

தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டிய அந்தத் தொதலைத் தின்றோம். தட்டு ஏழு, அத்தைக்கு நிம்மதி. தொதல் தொண்டையில் ஒட்டிக்கொண்டது என்று அம்மா ஒரு ஆப்பிளை நறுக்கினார். ஆப்பிள் தட்டும் போயிற்று. மறுபடி ரெட்டைப்படை. "ம், லட்டு" என்று உத்தரவு போட்டார் அத்தை. நான் அழுதுகொண்டே லட்டு தின்றேன். நிஜமாகவே அழுதேன்.

"பன்னெண்டு ஆகப்போவுதும்மா. கோகிலாவ வேற எடத்துல குடுத்துட்டா நான் என்ன செய்வேன்? அந்த மனுசன் மீசையப் பாத்தாலே எனக்கு ஓடி ஒளியத் தோணுது. ஆனா அவளுக்காக அந்த மீசைக்கும் சேத்துப் பரிசம் போடச் சொன்னாலும் போடுவேன்."

பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மிகப் பக்கத்தில்.

"மீசைக்கு ஒண்ணும் வேணாம் மாப்ள. கடைசி லட்டையாவது தட்டுல விடுங்க."

பனி விலகியது. கைக்கெட்டும் தூரத்தில் அக்கரை. படகு தானாகவே மிதந்து அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. கோகிலா வீட்டார் அத்தனை பேரும் வரிசையாக நின்றார்கள். மேளக்காரர்கூட மேளத்தைக் கீழே வைத்துவிட்டு எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு தாண்டிருச்சு" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது.

"அதெல்லாம் தாண்டலப்பா" என்றாள் கோகிலா. "அவங்க தொதல் திங்கும்போது பன்னெண்டு ஆகவே இல்ல. 'சத்தம் போடாதீங்க, என்னா பேசுறாங்கன்னு கேப்போம்'னு சொன்னது நீங்கதானே? நம்ம எடத்துக்கு வந்ததுனாலதானே நமக்குக் கேட்டுச்சு?"

அந்தப் பெரிய மீசை முதலில் லேசாகத் துடித்தது. பிறகு மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எத்தன தட்டு மிச்சம் இருக்கு?"

"அஞ்சு. ஒத்தப்படைதான்" என்றார் அத்தை, மிடுக்காக.

சந்தோஷத்தில் கரை என்று நினைத்துக் குதித்தேன். இடுப்பளவு தண்ணீர். வேட்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத்தான் மாமனார் வீட்டுக்குள் முதன்முதலாகப் போனேன். அன்றைக்கு அந்த மலையிலேயே என்னைவிட சந்தோஷமானவன் யாரும் இருந்திருக்க மாட்டான்.

இன்றும் எங்கள் வீட்டில் யாரும் இரண்டு இட்லியோடு எழுந்துவிட முடியாது. "ஒத்தப்படையா சாப்பிடு" என்று மூன்றாவதும் விழும். போன மாதம் மகளுக்குக் காது குத்தினோம். மாமனார் வேனில்தான் சீர் கொண்டுவந்தார், அதுவும் தாமதமாக. மூடியிருந்த லட்டுத் தட்டை வாங்கித் திறந்து பார்த்தேன். நடுவில் ஒரே ஒரு லட்டு இருந்தது.

அவர் மீசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வழியில கொஞ்சம் பனி, மாப்ள."