நாற்பது கிலோமீட்டர் சரித்திரம்

"ஞாயிற்றுக்கிழமை நாற்பது கிலோமீட்டர். சைக்கிள்ல. நாலு சரித்திர இடம். ஒரே நாள்!" என்று மருந்துக்கடைக்காரர் அறிவித்தபோது அவர் மனைவி வாயில் நாலு குண்டூசி வைத்திருந்தாள். அதனால் உடனே சிரிக்க முடியவில்லை.

தெருவில் அவருக்கு 'சரித்திரம்' என்றுதான் பேர். இருமல் மருந்து வாங்க வந்தவர் ஒரு போரையாவது கேட்காமல் கடைப்படி இறங்க முடியாது. வீட்டின் முன்னறை முழுக்க அவருடைய வரலாற்றுப் புத்தகங்கள், முந்நூற்றுக்கு மேல். வெளிச்சம் வருகிற ஒரே ஜன்னலும் அந்த அறையில்தான் இருந்தது. அக்கம்பக்கத்துக்கெல்லாம் துணி தைத்துக் கொடுக்கும் மனைவியோ, சமையலறைக்குப் போகும் இடுக்கில் மெஷினைப் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் விளக்கை எரித்துத் தைத்தாள். முன்னறையைக் கொடுங்கள் என்று அவள் கேட்க ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. அவரும் ஆறு வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்தார். அதற்கு ஒரு முடிவு கட்டத்தான் இந்தப் பந்தயம்.

"களைச்சுப்போய் எங்கேயாவது இறங்கினேன்னா முன்னறை உனக்கு. இல்லைன்னா அந்தப் பேச்சையே இனிமே எடுக்கக் கூடாது."

அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள்.

"சரித்திரம் பாக்கறதுக்கு இறங்கலாமா?"

"இறங்காம எப்படிப் பாக்கறது?"

"சரி, நானும் வரேன். சாட்சி வேணும்ல?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. தைத்த துணிகளை அவள் தினமும் ஊர் முழுக்கச் சைக்கிளில்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறாள் என்பதும் அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. அவருடைய சைக்கிள் கடைசியாக ஓடியது எந்தக் காலத்தில் என்று அவருடைய புத்தகங்களில்தான் தேட வேண்டும்.

முதல் நாலு கிலோமீட்டர் சமதரை. எதிரே வந்தவர்களுக்கெல்லாம் மணியடித்துக்கொண்டே போனார். முதல் இடமான பழைய கல்பாலத்தைப் பார்த்தார்கள். பாலம் தாண்டியதும் ஒரு மேடு வந்தது. தொடை இரண்டும் கெஞ்சின. மூச்சு துருத்தி மாதிரி இரைந்தது. இறங்கினால் அறை போச்சு. அப்போதுதான் அந்த யோசனை பிறந்தது.

"நில்லு!" என்று குதித்து இறங்கி, ரோட்டோரம் கிடந்த ஒரு கல்லைக் காட்டினார். "இதைச் சும்மா கல்லுன்னு நினைச்சியா?"

"ஆமா."

"இங்கதான்... ஒரு ராஜா... படையோட..." மூச்சு வாங்கியது. "தங்கினாரு."

"எதுக்குத் தங்கினாரு?"

"குதிரைங்க களைச்சுப் போச்சு."

"ராஜா களைக்கலையா?"

"ராஜா எப்பவுமே களைக்க மாட்டாரு!"

அவள் பயபக்தியோடு தலையாட்டித் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அதன்பிறகு அந்த ரோட்டில் சரித்திரம் தடுக்கி விழுகிற அளவுக்குப் பெருகிவிட்டது. மேட்டுக்கு மேடு ஓர் உடன்படிக்கை. வளைவுக்கு வளைவு ஒரு சதி. ஒரு சின்னப் பாலத்தில் இறங்கி, "இது முந்நூறு வருஷத்துப் பாலம்" என்றார்.

பாலத்துக்கு அடியில் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் தலையை நீட்டினார். "போன வருஷம் நாங்க கட்டினது சார்."

"நான் அடியில இருக்கறதைச் சொன்னேன்."

"அடியில நான்தான் சார் இருக்கேன்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் இருமினாள்.

மத்தியானம் நாலாவது இடமான கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். மதில் நிழலில் சாப்பிட்டுவிட்டு, அந்தக் கோட்டை முற்றுகையிடப்பட்ட கதையை அவர் சொன்னார். இது கட்டிவிட்ட கதை இல்லை, படித்துத் தெரிந்தது. உள்ளே தண்ணீர் தீர்ந்து, மக்கள் பனித்துளியைத் துணியில் ஒற்றிப் பிழிந்து குடித்ததைச் சொன்னபோது வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சுற்றி நின்று கேட்டார்கள். மனைவி கன்னத்தில் கைவைத்து, கல்யாணமான புதிதில் பார்த்த மாதிரி அவரைப் பார்த்தாள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"நீங்க சொன்னா கண்ணு முன்னாடி நடக்கற மாதிரியே இருக்குங்க. அங்க ஒரு காவல் கோபுரம் தெரியுது பாருங்க. இருநூறு படியாம். அது பந்தயத்துல இல்லை. உங்களால முடியலைன்னா வேணாம்."

முடியலைன்னா! அந்த ஒரு வார்த்தை போதாதா? ஏறினார். உச்சிக்குப் போனதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"இதை யாருங்க கட்டினது?"

"தெரியலை" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக.

வெயில் தாழும் நேரத்துக்கு வீடு வந்தார்கள். சைக்கிளைவிட்டு இறங்கியும் அவர் கால்கள் இறங்கவில்லை, அகட்டியபடியே நின்றன. ஆனால் முகத்தில் வெற்றி.

"ஜெயிச்சுட்டேன்!"

"ஆமாங்க. ஒரு தடவைகூடக் களைச்சு இறங்கலை. நானே சாட்சி."

கதவு உள்ளேயிருந்து திறந்தது. மனைவியின் தம்பி கைத்தூசியைத் தட்டிக்கொண்டு நின்றான். "வாங்க மாமா. ஒரு புத்தகம்கூட மடங்கலை. நூற்றாண்டு வரிசையிலேயே அடுக்கிட்டேன்."

அடுக்கியிருந்தான், சமையலறை இடுக்கில். முன்னறை ஜன்னலோரம் தையல் மெஷின் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"என்ன அநியாயம் இது? நான்தானே ஜெயிச்சேன்?"

"யாரு இல்லைன்னா? அறை உங்களோடதுதான். மெஷினைத் தள்ளிட்டுப் புத்தகத்தையெல்லாம் எடுத்து வச்சுக்கங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

தம்பிக்கு அந்த நிமிஷம் பார்த்து அவசர வேலை வந்துவிட்டது. போய்விட்டான். மருந்துக்கடைக்காரர் சுவரைப் பிடித்தபடி இடுக்குக்குப் போய், கீழ்வரிசையை எடுக்கக் குனிந்து பார்த்தார். பாதிக்கு மேல் இடுப்பு சம்மதிக்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் தெரிந்தது. சாய்ந்த வெயிலில் உட்கார்ந்து மனைவி ஊசியில் நூல் கோத்தாள். முதல் தடவையிலேயே நுழைந்துவிட்டது. நூல் தவறித் தவறி அவள் சலித்துக்கொண்ட சத்தத்தை ஆறு வருஷமாக அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டே படித்திருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்காக ஜெயித்த மனுஷன் கீழே இறங்கி வர முடியுமா?

"பாவமேன்னு இன்னைக்கு விடறேன். நாளைக்குக் காலைல அத்தனையும் நானே தூக்கி வைக்கறேன், பாரு!" என்றார்.

மறுநாள் காலையில் அவரைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டியிருந்தது.