போணிக்கு ஓடிய மொபெட்

கடையைத் திறந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பக்கத்துத் தெரு மயிலாத்தாள் முதல் ஆளாக வந்து நின்றாள்.

“கண்ணு சுப்பையா, கருமத்தம்பட்டில எம்புள்ள பொற்கொடிக்கு ஒரு போன் போடு. நாந்தான் போணி.”

சுப்பையன் போனைப் பார்த்தான். எஸ்.டி.டி. பூத் என்று போர்டு இருந்தது. கண்ணாடிக் கூண்டு இருந்தது. சிவப்புப் போனும் இருந்தது. லைன்தான் வரவில்லை. வருகிறது, வருகிறது என்று சொன்னதை நம்பித் திறப்பு விழாவுக்கு நோட்டீஸ் அடித்துவிட்டான்.

மதுக்கரையில் பதினெட்டு வருசம் சிமெண்டு மூட்டை தூக்கியவன். மூட்டை ஏற்ற மிசின் வந்தது, ஆட்களை அனுப்பிவிட்டார்கள். கைக்கு வந்ததெல்லாம் இந்தக் கூண்டுக்குள் போயிற்று. “பத்து நாள் பார்ப்பேன். யாவாரம் இல்லீன்னா எந்தம்பியோட கல்லுக்குழிக்குப் போயிருங்க” என்று மனைவி ராஜாமணி கெடு வைத்திருந்தாள்.

முதல் போணியைத் திருப்பி அனுப்ப எந்தக் கடைக்காரனுக்கு மனசு வரும்? செத்த போனில் நம்பரை அழுத்தி, காதில் வைத்து, உதட்டைப் பிதுக்கினான்.

“லைன் பிசிங்கம்மா. சேதியைச் சொல்லிட்டுப் போங்க, கெடைச்சதும் சொல்லிப்போடறேன்.”

“ஆடிக்கு மாப்பிள்ளையோட ஊட்டுக்கு வரச் சொல்லு.”

அவள் தலை மறைந்ததும் கடையைச் சாத்திவிட்டு மொபெட்டை உதைத்தான். ஒன்றரை மணி நேரம். வீட்டை ஒட்டிய தறிப்பட்டறை வாசலிலேயே பொற்கொடி நின்றிருந்தாள்.

“அம்மணி, ஆடிக்கு மாப்பிள்ளையோட ஊட்டுக்கு வரோணுமாமுங்க. அம்மா கேட்டா, போன்ல சொன்னதா வெச்சுக்கோங்க.”

“சரிங்கண்ணா.” அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரு கட்டு முருங்கைக்காயை நீட்டினாள்.

“ஐயோ, இதை அம்மாகிட்ட எப்பிடிங்க குடுக்கறது?”

“போன்ல முருங்கைக்காய் போவுங்களா? இது உங்க ஊட்டுக்குங்க.”

அன்று சாம்பார் மணத்தது. ராஜாமணியின் சந்தேகமும் கூடவே கிளம்பியது.

“ஏனுங்க, போன் கடைக்கு எதுக்குங்க இத்தனை பெட்ரோலு?”

“புதுக்கடைன்னா அப்பிடித்தான். சாம்பாரை ஊத்து.”

மறுநாள் ஒரு யோசனை வந்தது. எதிர் மளிகைக் கடை யாகூப் பாயிடம் போன் இருக்கிறது. வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டுவிடலாம். தெருவைத் தாண்டுவதற்குள் பாயே இங்கு வந்துவிட்டார்.

“மேட்டுப்பாளையம் மண்டியில பாக்கு என்ன ரேட்டுன்னு கேக்கோணும், தம்பி.”

“உங்க போனு என்னாச்சுங்க பாய்?”

“ரிப்பேரு.”

மொபெட் மேட்டுப்பாளையம் போயிற்று. சாயங்காலம் தலையெல்லாம் புழுதியோடு வந்து ரேட்டைச் சொன்னான்.

“லைன் தெளிவாக் கேட்டுச்சா?”

“பக்கத்துல நின்னு பேசுன மாதிரியே இருந்துச்சுங்க.”

அதற்கப்புறம் கூட்டம் கூடிவிட்டது. கூட மூட்டை தூக்கியவர்கள் அத்தை, மச்சான் என்று ஆள் தேடிப் பிடித்துச் சேதி சொல்ல வந்தார்கள். மயிலாத்தாளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மகளிடம் சொல்ல ஏதாவது இருந்தது. ராஜாமணி கல்லுக்குழிப் பேச்சை எடுப்பதே இல்லை. ஒன்பதாம் நாள் அவினாசி ரோட்டில் மொபெட் புகைவிட்டு நின்றது. தள்ளிக்கொண்டே வந்த சுப்பையனுக்குக் கால் வலித்தது, மனசு நிறைந்திருந்தது. தன்னை நம்பி இத்தனை பேரா? இவர்களை இனியும் ஏமாற்றக் கூடாது, விடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தான்.

விடிந்ததும் லைன்மேன் வந்தார். அரை மணி நேரத்தில் போன் உயிரோடு கொர்ரென்றது. சுப்பையனுக்குக் கண் கலங்கியது. முதல் போன் கருமத்தம்பட்டிக்குத்தான் போட்டான்.

“அம்மணி, நாந்தானுங்க, சுப்பையன். நெசமாவே போன்ல பேசறனுங்க!”

“அட, நீங்களாங்கண்ணா? நீங்க கெளம்புனதும் ‘சுப்பையன் வாரான், ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்டுக்கோ’ன்னு அம்மா யாகூப் பாய் கடையிலிருந்து போன் பண்ணுவாங்களே, மணி அடிச்சதுமே அதுதான்னு நெனச்சு உங்களுக்கும் சேத்து உலையில அரிசி போட்டுட்டனுங்க!”