தொண்ணூற்றெட்டு தரும் மூச்சய்யா

தொற்று பரவிய அந்த மாதங்களில் மக்கள் ஓடிய இடங்கள் இரண்டு. ஒன்று பெரிய மருத்துவமனை. அங்கே படுக்கை இல்லை. இன்னொன்று அதற்கு எதிரே, பூட்டிக் கிடந்த துணிக்கடையின் கிடங்கு. அங்கே மூச்சய்யா இருந்தார். இடத்துக்குப் பஞ்சமே இல்லை. மூச்சுத் திணறுகிறவர்கள் எல்லோரும் ஒரே கதவு வழியாக நுழைந்து, ஒருவர் தோளில் ஒருவர் இருமிக்கொண்டு, குணமாகக் காத்திருந்தார்கள். முகக்கவசங்கள் அவரவர் தாடையைப் பத்திரமாகப் பாதுகாத்தன.

மூச்சய்யா அதற்கு முன் மருத்துவக் காப்பீட்டு முகவர். தொழிலை மாற்றினார் என்று சொல்ல முடியாது. அப்போதும் நம்பிக்கையைத்தான் விற்றார். இப்போது நிபந்தனைகளைப் பொடி எழுத்தில் அச்சடிக்கும் வேலை மிச்சம்.

வைத்தியம் எளிது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் மாட்டுவார்களே, அந்தக் கருவி அவரிடம் இரண்டு இருந்தது. முதலில் கறுப்பு. எண் குறைவாக வரும். உறவினர் முகம் வெளுக்கும். பிறகு நோயாளியின் முகத்தில் ஓர் ஊது ஊதுவார். காற்றில் பரவும் நோய்க்கு வாயால் ஊதுகிற வைத்தியம் என்று யாருக்கும் உறைக்கவில்லை. அடுத்தது வெள்ளைக் கருவி. அதில் தொண்ணூற்றெட்டு. கூட்டம் கண்ணீர் விடும்.

"ஐயா, கறுப்பு மெஷின்லயே திரும்பப் பாக்கலாமே?" என்று ஒருவர் கேட்டுவிட்டார்.

"ஊதின மூச்சை அது தாங்காதுப்பா. வெடிச்சிரும்."

தொண்ணூற்றெட்டோடு வீடு போன சிலர் பிறகு வரவே இல்லை. அவர்கள் குணமாகிவிட்டதாக மூச்சய்யா சொல்லிக்கொண்டார். அந்த வீடுகளுக்குத் துக்கம் கேட்கப் போய் வந்தவன் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கிடங்குக்குத்தான் ஒரு தச்சரை அழைத்து வந்தார்கள். மனைவிக்கு இஷ்டமில்லை. தச்சரின் தங்கைதான் பிடிவாதமாக இழுத்து வந்தாள். மருத்துவமனையில் அப்போதுதான் ஒரு படுக்கை காலியாகியிருந்தது. ஆனால் காப்பீட்டு நிறுவனம் அனுமதி தராமல் வாசற்படியில்கூட உட்கார விட மாட்டார்கள்.

ஊதி முடித்து, வெள்ளைக் கருவி தொண்ணூற்றெட்டு காட்டிய நேரத்தில், மனைவி அனுமதி கேட்டிருந்த நிறுவனத்திலிருந்து போன் வந்தது. தங்கை எடுத்தாள்.

"பேஷன்ட்டுக்கு இப்ப ஆக்ஸிஜன் எவ்வளவுங்க?"

"தொண்ணூத்தெட்டு மேடம்," என்றாள் பெருமையாக.

"தொண்ணூத்தி நாலுக்குக் கீழ இருந்தாதான் அட்மிஷன் தருவோம். குணமாயிட்டாரு, வாழ்த்துகள். உங்க கோரிக்கையை முடிச்சிடறோம்."

இத்தனை வேகமாக அந்த நிறுவனம் எதையும் முடித்ததில்லை.

மனைவி கணவரைப் பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"எப்படிங்க இருக்கு?"

"நல்லா..." நெஞ்சு ஏறி இறங்கியது. "இருக்கேன்."

"ரெண்டு வார்த்தைக்கு நடுவுல இளைப்பாறுற ஆளுக்குத் தொண்ணூத்தெட்டா?"

"அண்ணி, சந்தேகப்படாதீங்க. எண்ணு இறங்கிடும்," என்றாள் தங்கை.

"இறங்குதான்னு பாத்துடுவோம்."

தச்சர் காதில் எப்போதும் பென்சில் இருக்கும், காய்ச்சலிலும் எடுக்கவில்லை. மனைவி அதை உருவி வெள்ளைக் கருவியின் வாயில் வைத்தாள். விளக்கு கண் சிமிட்டியது. தொண்ணூற்றெட்டு.

இருமிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பென்சில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது.

"மரத்துக்கும் உயிர் உண்டும்மா," என்றார் மூச்சய்யா, நிதானமாக.

"அறுத்து, சீவி, சாயம் பூசின பிறகுமாங்க?"

மூச்சய்யா பின்கதவைப் பார்த்தார். அவள் கறுப்புக் கருவியில் பென்சிலை வைத்தாள். வெறும் கோடுதான் வந்தது. அதையே கணவர் விரலில் மாட்டினாள். எண்பத்து மூன்று. வெடிக்கவில்லை. உடனே நிறுவனத்துக்குப் போன் போட்டாள்.

"எண்பத்து மூணுங்க. அனுமதி குடுங்க."

"இப்பதானேம்மா தொண்ணூத்தெட்டுன்னு சொன்னீங்க?"

"அது பென்சிலுக்கு. இது என் புருஷனுக்கு. பாலிசி யாரு பேர்ல இருக்கு, பாத்துச் சொல்லுங்க."

மறுமுனையில் பாலிசியைத் தேடி எடுத்துப் பார்த்தார்கள். பிறகு அனுமதி வந்தது. இதற்குள் மூச்சய்யா பின்கதவு வழியாக ஓடியிருந்தார். அரைத் தெருவிலேயே அவருக்கு மூச்சு வாங்கியதாம், ஊதிவிட ஆளில்லை.

தச்சர் பிழைத்தார். எலும்பும் தோலுமாக வீடு திரும்பினார். "கொஞ்சம் விட்டிருந்தா எங்கண்ணனை நானே கொன்னிருப்பேன் அண்ணி," என்று தங்கை அழுதாள். மனைவி அதை மறுக்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

கூட்டம் கலைந்ததா என்று கேட்கிறீர்கள். பாதி கலைந்தது. மீதிப் பாதி கிடங்கு வாசலிலேயே நின்றது. "பென்சிலுக்கே மூச்சு வர வச்ச மனுஷன், லேசுப்பட்டவரா?" என்று பேசிக்கொண்டது.

காப்பீடு எடுத்தால் பலன் கிடைக்கக் காத்திருப்புக் காலம் உண்டு. மண்டைக்குள் இருக்கிற மூளைக்கு அது கிடையாது. யாரிடமும் அனுமதி வாங்காமல் இன்றைக்கே உபயோகிக்கலாம்.