‘ம்’ கொட்டிய போன்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இண்டர்நெட் வழியாகப் போகிற போன் என்றால், அதில் நாம் பேசுவதை இண்டர்நெட்டில் இருக்கிற அத்தனை பேரும் கேட்பார்கள் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். இண்டர்நெட்டில் போடுகிற படத்தை எல்லாரும் பார்க்கிறார்கள். பாட்டைப் போட்டால் எல்லாரும் கேட்கிறார்கள். பேச்சைப் போட்டால் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களா? ஐம்பதை எட்டிப்பிடிக்கிற வயதில், முடி கொட்டிய என் மண்டைக்குள் இந்த விஞ்ஞானம்தான் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளியைப் பற்றி என் மச்சானிடம் நான் போனில் பேசுகிற பேச்சு அமெரிக்கா வரைக்கும் போய்ச் சுற்றிவிட்டு, நேராக முதலாளி காதுக்கே வந்து இறங்குவதாக நினைத்துப் பார்த்தேன். 

இந்தப் பயத்துக்குக் காரணமானவர், எங்கள் ஆபீசுக்கு இண்டர்நெட் போன் மாட்ட வந்த அலோ அண்ணன். உலகத்திலேயே போனுக்கென்று பிறந்த ஒரே மனிதர். மலேசியாவில் எங்கள் கெடா மாநிலத்தில் போனைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அவரே அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் தோட்டம் தோட்டமாகப் போய், போன் கம்பத்தில் ஏறி, உச்சியில் உட்கார்ந்து “அலோ! அலோ! கேக்குதா?” என்று கத்துவாராம். அந்தச் சத்தத்துக்குக் கம்பி இல்லாமலே அடுத்த தோட்டத்தில் கேட்டிருக்கும். கம்பத்திலிருந்து இறங்கிய பிறகும் பழக்கம் விடவில்லை. ரோட்டில் பார்த்தால் அலோ, சாவு வீட்டிலும் அலோ. பாடாங் செராய் கோயிலில் தீபாராதனை காட்டும்போது இவர் கண்ணை மூடிக் கைகூப்பி “அலோ... அலோ...” என்று முணுமுணுத்ததை எங்கள் ஆபீஸ் கமலா அக்கா பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார்.

“என்னாண்ணே, லைன் கெடச்சிச்சா?” என்று அக்கா கேட்க, “ரிங் போவுதும்மா, எடுக்க மாட்டேங்கிறாரு” என்றாராம்.

இப்படிப்பட்டவரிடம் சொந்தமாக ஒரு ஹேண்ட்போன் கிடையாது. அவர் வேண்டுமென்றால் சந்தைக்குப் பக்கத்து மீ கோரேங் நூடுல்ஸ் கடைக்குப் போன் பண்ணிச் சொல்லி வைக்க வேண்டும். ஏன் என்று கேட்டேன். “பல் டாக்டரு தன் பல்ல தானே புடுங்கிக்குவாரா?” என்றார். 

எங்களுடையது லோரி ஆபீஸ். கரங்கான், மெர்போக் பக்கத்துச் சின்னத் தோட்டக்காரர்கள் செம்பனைக் குலை வெட்டிப் போட்டுவிட்டு எங்களுக்குப் போன் அடிப்பார்கள். நாங்கள் லோரி அனுப்பி எண்ணெய் ஆலையில் கொண்டுபோய்ச் சேர்ப்போம். வெட்டிய பழம் ரொம்ப நேரம் கிடக்கக் கூடாது. கிடந்தால் தரம் இறங்கும், ஆலைக்காரன் முகத்தைச் சுளிப்பான். ஆகவே எங்கள் தொழிலுக்கு உயிர் லோரியில் இல்லை, போனில் இருந்தது. அந்தப் போனோ மழை பெய்தால் செத்துப்போகும். வெயிலடித்தால் கம்பி திருடுகிறவன் வந்து அறுத்துக்கொண்டு போவான். ஊரடங்கெல்லாம் முடிந்த கையோடு முதலாளி ஒரு முடிவுக்கு வந்தார். கம்பியே வேண்டாம், இண்டர்நெட் போன் போட்டுவிடலாம், ஆனால் பழைய நம்பர் அப்படியே இருக்க வேண்டும்.

அந்த நம்பர் சாதாரண நம்பர் இல்லை. லோரிக் கதவில் எழுதியிருந்தது, காலண்டரில் அச்சடித்திருந்தது. தோட்டக்காரர்களுக்குப் பெண்டாட்டி பிறந்தநாள் மறந்தாலும் எங்கள் நம்பர் மறக்காது. அதைப் புதுப் போனுக்கு மாற்றும் பொறுப்பை முதலாளி, ஆபீஸ் கிராணியான, அதாவது குமாஸ்தாவான, என் தலையில் கட்டினார்.

“கிராணி, நம்பரு மட்டும் கைய விட்டுப் போச்சின்னா, நீயும் அது பின்னாடியே போயிடு” என்றார். அவர் சிரிக்கவில்லை. நான் சிரித்து வைத்தேன்.

அலோ அண்ணன் பெட்டி பெட்டியாகக் கொண்டு வந்து மாட்டினார். ஒவ்வொரு மேசைக்கும் சின்னத் திரை வைத்த போன். யார் கூப்பிடுகிறார்கள் என்று திரையில் பெயர் வரும். மனேஜர், அக்கவுண்ட்ஸ் என்று வைக்கச் சொன்னால் அவருக்குப் பிடிக்கவில்லை. “அதெல்லாம் மொட்டையா இருக்கு. ஆபீஸ்னா ஒரு குடும்பம்லா” என்று சொல்லி முதலாளிக்குப் ‘பெரியப்பா’ என்றும், எனக்கு ‘மாப்ள’ என்றும், கமலா அக்காவுக்குச் ‘சின்னம்மா’ என்றும் போட்டுவிட்டார்.

“யாருக்கு யாரு சின்னம்மா? ஒங்களுக்கு என்னா வயசு, எனக்கு என்னா வயசு?” என்று அக்கா ஸ்டேப்ளரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“கோவப்படாதம்மா, ‘பாப்பா’ன்னு மாத்திடறேன்.”

ஸ்டேப்ளர் பறந்தது. பெயர் மாறவில்லை.

அடுத்த சண்டை குரலைப் பற்றி. யாரும் போனை எடுக்க முடியாத நேரத்தில் தானாகப் பேசுகிற ஒரு குரல் வைக்க வேண்டும். பெண் குரலாக, இனிமையாக வேண்டும் என்றார் முதலாளி. அலோ அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. தன் குரலைத்தான் வைக்க வேண்டுமாம்.

“மொதலாளி, நம்ம ஆளுங்க மிசினுகிட்ட பேச மாட்டாங்க. எதுத்தாப்ல இருக்கறவன் ‘ம்’ கொட்டணும். நீங்க வேணா பாருங்க, போன்ல ரெண்டு வார்த்த பேசிட்டு ‘ம்’ வரலன்னா, ‘அலோ, இருக்கியா?’ன்னு கேட்டுட்டு வச்சிருவான். ‘ம்’ கேட்டாத்தான் அவனுக்கு லைன் இருக்குன்னு அர்த்தம்.”

“ம்” என்றார் முதலாளி.

“பாத்தீங்களா!”

“நான் யோசிச்சேன்யா! அதெல்லாம் வேணாம். கமலா பேசட்டும். அவ்ளோதான்.”

கமலா அக்கா பேசிக் கொடுத்தார். அலோ அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பதிவு செய்தார். விஷயம் முடிந்தது என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

புதுப் போனுக்கு நம்பர் மாறுகிற நாள் வந்தது. முதலாளி காலையிலேயே மெர்போக் பக்கம் ஒரு தோட்டம் பார்க்கப் போய்விட்டார். வெளியிலிருந்து வரும் போன் எல்லாம் முதலில் என் மேசைக்கு வரும்படி ஏற்பாடு. நான் உட்கார்ந்து புதுப் போனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அமெரிக்காக்காரன் காது ஞாபகத்துக்கு வந்தது. போனில் ஒரு பட்டன், அதில் வட்டத்துக்குள் ஒரு கோடு. ரோட்டில் ‘நுழையாதே’ என்று வைத்திருக்கிறார்களே, அதே படம். அடடா, வெளியாள் காது நுழையாமல் இருக்கத்தான் இதை வைத்திருக்கிறான் என்று புரிந்துகொண்டு ஒரு அமுக்கு அமுக்கினேன். சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

எட்டு மணிக்கு வழக்கமாகப் போன் கத்த ஆரம்பிக்கும். அன்று கத்தவில்லை. ஒன்பதுக்கும் இல்லை. லோரி டிரைவர்கள் வாசலில் வரிசையாகக் குந்தி, “என்னா கிராணி, இன்னைக்கு நாடே லீவா?” என்று கேட்டார்கள். பத்து மணிக்கு என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கரங்கானில் வெட்டிய குலைகள் வெயிலில் கிடக்கிற காட்சி கண்ணில் தெரிந்தது. அதன் மேல் நான் படுத்திருக்கிற காட்சியும் தெரிந்தது.

“அக்கா, நம்பர் போச்சு.”

“ஒளறாத. ஒன் ஹேண்ட்போன்லேர்ந்து அடிச்சிப் பாரு.”

அடித்தேன். இரண்டே ரிங். யாரோ எடுத்தார்கள்.

“அலோ! சொல்லுங்கண்ணே.”

அலோ அண்ணன் குரல்! ஹேண்ட்போனே இல்லாத மனிதர் எங்கள் நம்பரில் பேசுகிறார்!

“அண்ணே? நீங்க எப்படிண்ணே இந்த நம்பர்ல?”

“ம்.”

“என்னா ‘ம்’? எங்க நம்பர ஒங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய்ட்டீங்களா?”

“ம்... ம்.”

“ஒத்துக்கிறீங்க! வெக்கமே இல்லாம ஒத்துக்கிறீங்க! எங்க இருக்கீங்க நீங்க?”

“எந்தப் பக்கம்ணே?”

“நான் ஆபீஸ் பக்கம்தாண்ணே! மொதலாளி வந்தா என்னைய உரிச்சித் தொங்க விட்டுருவாரு! அவரு மூஞ்சியே சும்மா இருக்கறப்ப வெளக்கெண்ண குடிச்ச மாதிரி இருக்கும்ணே, இன்னைக்கு எப்படி இருக்கும்?”

“ம்... சரி சரி.”

“என்ன சரி?”

“அப்பறம்?”

“அப்பறம் போலீஸ்தாண்ணே! வேற என்னா அப்பறம்!”

“சரிண்ணே, ஒண்ணும் கவலப்படாதீங்க. வச்சிடறேன்.”

வைத்துவிட்டார். நான் ஹேண்ட்போனைப் பார்த்து, என் பதினாறு தலைமுறைக்கும் தெரிந்த கெட்ட வார்த்தைகளைத் திரட்டிக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அலோ அண்ணனே உள்ளே வந்தார். கையில் மீ கோரேங் பொட்டலம்.

“அலோ! எல்லாரும் சாப்டாச்சா?”

நான் அவரையும் ஹேண்ட்போனையும் மாறி மாறிப் பார்த்தேன். கமலா அக்காவுக்கு முதலில் புரிந்தது. “அடப்பாவி மனுஷா, என் கொரல எடுத்துட்டு ஒங் கொரல வச்சிட்டியா?” என்றார்.

அலோ அண்ணன் வெட்கப்பட்டார். அவர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். “நல்லா இருந்திச்சா?” என்று என்னைக் கேட்டார். அப்புறம் என் மேசைப் பக்கம் பார்த்து, “மாப்ள, ‘தொந்தரவு பண்ணாதே’ பட்டன யாரு அமுக்கினது? அத அமுக்கினா போன் அடிக்காது, நேரா என் கொரலுக்குப் போயிடும்” என்றார்.

நான் கூரையைப் பார்த்தேன்.

சரியாக அந்த நேரத்தில் முதலாளி உள்ளே வந்தார். ஒரு போன்கூட என் போனில் அடிக்காமல், எல்லாம் அலோ அண்ணன் குரலிடம் போயிருக்கிறது என்று கேட்டதும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். “அப்ப காலைலேர்ந்து ஒருத்தனும் ஆர்டர் சொல்லலியா?”

“சொல்லாம? எடுத்ததுலேர்ந்து வைக்கிற வரைக்கும் எல்லாம் பதிவாவுது மொதலாளி” என்று அலோ அண்ணன் கமலா அக்காவின் கம்ப்யூட்டரைத் தட்டினார்.

வரிசையாகக் குரல்கள் வந்தன. கரங்கான் சூசை அண்ணன் எத்தனை லோரி வேண்டும் என்று சொல்லி, அவர் சம்சாரத்தின் முழங்கால் வலியைச் சொல்லி, மகன் தொழிற்சாலை வேலைக்குப் போனதையும் சொல்லியிருந்தார். எல்லாவற்றுக்கும் ‘ம்’ விழுந்திருந்தது. மெர்போக் பக்கத்து மலாய்க்காரப் பெரியவர், பாக்சிக் ஒருவர் முழுக்க மலாயிலேயே பேசிவிட்டு நன்றி சொல்லி வைத்திருந்தார். ‘ம்’முக்கு மொழி ஏது? ஒருத்தர்கூட அலோ, இருக்கியா என்று கேட்கவில்லை. எல்லாரும் மனசு நிறைந்துதான் போனை வைத்திருந்தார்கள். அலோ அண்ணனோ மீ கோரேங்கைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஓடுகிற பதிவைக் கேட்டுக்கேட்டு, அதற்கும் தனியாக ஒரு ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஓடியது என் குரல். நிறுத்தப் பாய்ந்தேன், அக்கா மவுசை விடவில்லை. வெளக்கெண்ணெய் வரைக்கும் தெளிவாகக் கேட்டது. அமெரிக்கா வரை போகவே தேவையில்லாமல் என் பேச்சு வந்து சேர வேண்டிய காதுக்கு வந்து சேர்ந்தது. 

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ம்... அப்பறம்?” என்றார்.

முதலில் சிரித்தது யார் என்று ஞாபகமில்லை. நான் சிரித்தேனா அழுதேனா என்றுகூடத் தெரியாது. இரண்டும் கலந்துதான் வந்தது. டிரைவர்கள் லோரிக்கு ஓடினார்கள்.

அந்த வாரமே சூசை அண்ணன் ஆபீசுக்கு வந்தார். “போனுக்குப் புதுசா வச்சிருக்கீங்களே, நல்ல மனுஷன்லா. ஒன்ன மாதிரி பாதில வைக்கிறதில்ல. சொல்றத முழுசா கேக்கறாரு” என்றார். அந்தக் குரலை எடுத்துவிட்டுக் கமலா அக்கா குரலை வைக்க எனக்குத்தான் உத்தரவு. இன்னும் வைக்கவில்லை. முதலாளியும் ஏன் என்று கேட்கவில்லை, கமலா அக்காவும் கேட்கவில்லை.

நம்பர் எங்கேயும் போகவில்லை. அன்றைக்கு வெட்டிய பழம் அத்தனையும் பொழுது சாய்வதற்குள் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது.