ஷேர் ஆட்டோவின் கூரையில் ஒரு ஓட்டக்காரன்

படம் போடுகிறவனுக்கு ஒரு சாபம் உண்டு. என்ன போட நினைத்தானோ அதுதான் அவன் கண்ணுக்குத் தெரியும். என்ன போட்டு வைத்திருக்கிறான் என்பது ஊருக்குத்தான் தெரியும். இது நான் கல்லூரியில் படித்த பாடமல்ல. என் நைனாவின் ஷேர் ஆட்டோவில் படித்தது. (காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.)

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்த முதல் ஆள் நான். அதற்கு மேல் சென்னையில் டிசைன் படிப்பு வேறு. ஆட்டோ ஸ்டாண்டில் நைனாவுக்கு இதனால் தினமும் ஒரு குத்தல் காத்திருக்கும். "இன்னாபா, பையன் படம் போட்டு எப்ப பங்களா கட்டப் போறான்?" நைனா சிரித்துக்கொண்டே வண்டியைத் துடைப்பார். எனக்குத்தான் எரியும்.

படிப்பு முடிந்த கையோடு அந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. பல நாட்டு இளம் ஓட்டக்காரர்கள் சென்னைக்கு வந்து மோதப்போகும் பெரிய தடகளப் போட்டி. அதற்கு லோகோ வேண்டுமாம், யார் வேண்டுமானாலும் அனுப்பலாமாம். ஜெயித்தால் ஸ்டாண்டில் ஒருத்தன் வாய் திறக்க மாட்டான். முடிவு பண்ணிவிட்டேன்.

லோகோவில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு அர்த்தம் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் அர்த்தத்தை அள்ளிக் கொட்டினேன். எல்லைக்கோட்டை நோக்கிப் பாயும் ஓட்டக்காரன், மேலிருந்து பார்ப்பதுபோல். (டிரோன் காலம் அல்லவா?) தங்கப் பதக்கத்துக்காக உடம்பு முழுக்கத் தங்க நிறம். ஐந்து கண்டங்களுக்காக விரித்த ஐந்து விரல், அதுவும் கை கால் நான்கிலும். எங்கள் ஊர்ப் பட்டுக்காக அவன் இடுப்பிலிருந்து பின்னால் வளைந்து நெளிந்து போகும் ஒரு ஜரிகை இழை. பக்கத்தில் ஏதோ வெறுமையாக இருந்தது. இரவு பகல் பாராத உழைப்பு என்று ஒரு சூரியனையும் சந்திரனையும் வைத்தேன். கை தானாகப் போய் வைத்தது. அன்றைக்கு என்னை நானே மேதை என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "உயிரோட இருக்கிற மாதிரியே இருக்குதுபா" என்றாள். இதைவிட ஒரு கலைஞனுக்கு என்ன வேண்டும்?

கொஞ்ச நாளில் போன் வந்தது. கடைசிச் சுற்றுக்கு வந்திருக்கிறேன், நேரில் வந்து விளக்க வேண்டும். நைனா அன்றே என் லோகோவைப் பெரிய ஸ்டிக்கராக அடித்து ஆட்டோவுக்குள் ஒட்டிவிட்டார். எங்கே? உள்கூரையில், பயணிகளின் தலைக்கு மேலே.

"அங்க யார் நைனா பாப்பாங்க?"

"எல்லாரும் பாப்பாங்க. நீ வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை, ஏறினவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பூக்கூடையோடு ஏறிய ஒரு அம்மா கையை உயர்த்தி அதைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்து தறிப் பட்டறைக்குப் போகிறவர் தொட்டார். காலேஜ் பெண்கள்கூட காதிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டுத் தொட்டார்கள். எனக்குப் புல்லரித்தது. விளையாட்டின் மேல் என் மக்களுக்கு இவ்வளவு பக்தியா! (புல்லரித்த நேரத்தில் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.)

அந்த நாளும் வந்தது. நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சவாரிக்கு லீவு விட்டுவிட்டு, கூடவே சென்னைக்கு வந்தார். அரங்கில் பின்வரிசையில் உட்கார்ந்தார். முன்னால் நடுவர்கள். தலைமை ஒரு பழைய ஓட்டக்கார அம்மா.

திரையில் என் லோகோ பளபளத்தது. நான் கண்டங்களைச் சொன்னேன், பதக்கத்தைச் சொன்னேன், ஜரிகையைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"எங்க ஊர்ல ஜனங்க இப்பவே இதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறாங்க மேடம்!"

அந்த அம்மா நிமிர்ந்தார். "லோகோவையா? எதுக்குத் தம்பி?"

"விளையாட்டு மேல இருக்கிற மரியாதை மேடம்."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பின்வரிசையில் பலமாகத் தலையாட்டிக்கொண்டிருந்த நைனாவைப் பார்த்தார். "நீங்க அப்பாவா? நீங்க சொல்லுங்கய்யா, எதுக்குத் தொடுறாங்க?"

நைனா எழுந்து நின்றார். என் வாழ்க்கையில் அவர் முகத்தில் அத்தனை பெருமையை நான் பார்த்ததில்லை.

"தொட்டா தோஷம் போவும்ல மேடம்! எங்க வரதராஜப் பெருமாள் கோயில் தங்கப் பல்லி மேடம் அது. அப்படியே உரிச்சு வச்சிருக்கான் பாருங்க. பக்கத்துல சூரியன், சந்திரனைக்கூட விடல!"

நான் மெதுவாகத் திரும்பித் திரையைப் பார்த்தேன். ஓட்டக்காரன் போய்விட்டான். அங்கே ஒரு பல்லி இருந்தது. விரலை விரித்துக்கொண்டு, வாலை நெளித்துக்கொண்டு. சின்ன வயசில் அம்மா இடுப்பில் உட்கார்ந்து, கோயில் மேற்கூரையில் நான் தொட்ட அதே பல்லி. கண்ணுக்குப் பழகினது கைக்கு வந்திருக்கிறது, மூளைக்கு மட்டும் தகவல் போகவில்லை.

அரங்கமே சிரித்தது. தலைமை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, வேகம் அருமையா வந்திருக்கு. ஆனா உன் ஆள் டிராக்ல ஓடல. சுவத்துல ஓடுறான்."

வேறொருவர் ஜெயித்தார். அவர் லோகோ, வெங்காயத் தோல் மாதிரி ரெண்டு வளைவு. அழகாகத்தான் இருந்தது.

திரும்பும் பஸ் வாலாஜாபாத்தைத் தாண்டியது. நைனாவிடம் கேட்டேன். "முன்னாடியே சொல்லக்கூடாதா நைனா, அது பல்லின்னு?"

"இன்னாடா இது, பல்லின்னு தெரியாமயா பல்லி போட்ட?"

"அது ஓட்டக்காரன்!"

நைனா செல்போனில் படத்தை எடுத்து, தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார். "அப்ப வாலு?"

"ஜரிகை."

சீட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் என் தோளில் கை போட்டார். "உடு. ஜெயிச்சானே, அவன் லோகோவ எவனாவது கும்புட்டானா? உன்னுத ஊரே கும்புட்டுச்சு."

அவர் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. அவர் கணக்கில் நான்தான் ஜெயித்திருந்தேன். ஸ்டிக்கரைக் கிழிக்கச் சொல்லிக் கெஞ்சினேன், விடவில்லை. 'பல்லி ஆட்டோ' வந்தால்தான் ஏறுவேன் என்று ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள். பங்களா எப்போது என்று கேட்ட அதே ஸ்டாண்டுக்காரர்கள் ஒருநாள் என்னிடம் வந்து தலையைச் சொறிந்தார்கள். "தம்பி, நம்ம வண்டிக்கும் ஒண்ணு போட்டுக் குடேன்." இப்போது எனக்கென்று சின்னதாக ஒரு டிசைன் கடை இருக்கிறது. சுற்றுவட்டார வாலிபால், கபடிப் போட்டிக்கெல்லாம் லோகோ என் கைதான். பாதிப் பேர் ஓரத்தில் ஒரு பல்லி கேட்கிறார்கள்.

போன தை மாதம் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா கேட்டார், "மாப்ள இன்னா பண்றாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா முந்திக்கொண்டார். "இன்டர்நேஷனல் லெவல்ல பல்லி போடுறாரு."

பெண்ணின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெண் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். எல்லாம் போச்சு என்று நான் பஜ்ஜியைக் கீழே வைத்தேன். அப்போது டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து ஒன்று, "ச்சு ச்சு ச்சு" என்றது.

"பல்லியே சொல்லிடுச்சு!" என்று பெண்ணின் அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார், கேசரி கொண்டுவர.