செத்தேன் என்று சொன்ன கெர்னல்

ஒரு காட்டில், யாரும் கேட்காமலேயே ஒரு முள்ளம்பன்றி சொந்தமாக ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருந்தது. மூன்று வருடப் பொழுதுபோக்கு. அதன் கெர்னலை, அதாவது கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் அடிப்படை நிரலை, இயக்கினால் திரை கறுப்பாகும். அத்தோடு சரி.

வளையில் பாதி இடத்தை அந்தப் பழைய கம்ப்யூட்டர் அடைத்துக்கொண்டிருந்தது.

“ஞாயித்துக்கிழமை என் தம்பி குடும்பத்தோட வர்றான். அதுக்குள்ள இது ஓடலைன்னா ஆத்துல தூக்கிப் போட்டுடுவேன்” என்றது மனைவி. சொன்னால் செய்கிற ரகம்.

பயந்துபோன முள்ளம்பன்றி, கம்ப்யூட்டர் வேலை தெரிந்த கீரியிடம் போனது. “எங்க நிக்குதுன்னே தெரியலண்ணே.”

“லாக் வைப்பா, பதிவேடு மாதிரி” என்றது கீரி. “என்னென்ன செய்யுதுன்னு அதுவே திரையில ஒவ்வொரு வரியா எழுதட்டும். கடைசி வரி எதுவோ, அதுக்கு அடுத்ததுதான் கோளாறு.”

நல்ல யோசனைதான். ஆனால் முள்ளம்பன்றி நான்கு நாளை நிறம் தேர்ந்தெடுப்பதிலேயே கழித்தது. நல்ல செய்திக்குப் பச்சை, எச்சரிக்கைக்கு மஞ்சள், ஆபத்துக்குச் சிவப்பு.

“ஓடுதா?” என்று கேட்டது மனைவி.

“இன்னும் இல்ல. ஆனா ஓடலைங்கிறதை மூணு கலர்ல சொல்லும்.”

ஞாயிறு காலை, “ஹார்டு டிஸ்கை எழுப்பிவிட்டேன்” என்ற வரியோடு திரை நின்றுபோனது. எரிச்சலில் முள்ளம்பன்றி அதற்குக் கீழே சிவப்பில் ஒரு வரி சேர்த்தது: “செத்தேன்.”

மறுபடி இயக்கியது. எழுப்பிவிட்டேன் என்றது, செத்தேன் என்றது, பிறகு கெர்னல் அது பாட்டுக்கு ஓடியது. வரியை அழித்தால் நின்றது. போட்டால் ஓடியது.

கீரி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தது. “டிஸ்க் எழுந்திரிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும்ப்பா. நீ அதுக்குள்ள வேலை சொல்லிட்டிருந்த. இந்த வரியை எழுதுற நேரத்துல அது எழுந்துடுது. முறையா காத்திருக்க வைக்கணும்னா மூணு வாரமாவது ஆகும்.”

வாசலில் விருந்தாளிகளின் முட்கள் உரசும் சத்தம் கேட்டது. முள்ளம்பன்றி அந்த வரியைத் தொடவில்லை.

மனைவியின் தம்பி உள்ளே வந்து திரையைப் படித்தது. “என்ன அத்தான், செத்தேன்னு போட்டிருக்கு?”

“அப்படிச் சொல்லிக்கிட்டேதான் ஓடுது மாப்ள.”

மனைவியும் திரையை எட்டிப் பார்த்தது. “இருக்கட்டும்” என்றது கணவனிடம். “உங்கம்மாவும் தினம் காலையில இதைத்தான் சொல்றாங்க. ஆத்துலயா போட்டுட்டோம்?”

நீதி: ‘செத்தேன்’ என்று தினமும் புலம்புகிறவர் வாயை அடைக்காதீர்கள், அவர் ஓடிக்கொண்டிருப்பதே அதனால்தான்.