சித்தரைக் கடித்த பூனை

சந்திரனில் மனிதன் இறங்கிய அதே ஆண்டு, கடம்பத்தூர் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தட்டு அவதாரம் எடுத்தது. பூனை கடித்ததா? பிறாண்டியதா? தட்டுச் சித்தரிடம் போ! முதுகில் தீர்த்தம் தடவித் தட்டை வைப்பார். ஒட்டிக்கொண்டால் உடம்பில் விஷம். தானாக விழுந்தால் விஷம் இறங்கிவிட்டது. கொல்லிமலையில் தவமிருந்து பெற்ற தட்டாம். அவரே சொன்னார், கொல்லிமலையை யாரும் விசாரிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனால் தொப்புளைச் சுற்றி ஊசி. இங்கே ஊசி இல்லை, வலி இல்லை, மூளைக்கும் வேலை இல்லை. கூட்டம் சேராமல் இருக்குமா? காலை ரயில் வந்தால் பாதிப் பெட்டி காலியாகும். போதாக்குறைக்குச் சித்தர் நீதிபதியும் ஆகிவிட்டார். கடித்த பூனை யாருடையதோ அவர் தண்டம் கட்ட வேண்டும். யாருக்கு? சித்தருக்குத்தான்!

அன்று குப்பம்மாள் தன் மகள் கன்னியம்மாவைத் தூக்கி வந்திருந்தாள். குட்டியை எடுக்கப்போன பிள்ளையைத் தாய்ப்பூனை கடித்துவிட்டது. மணிக்கட்டு பன் ரொட்டி போல வீங்கி, சிவப்பு முழங்கை வரை ஏறியிருந்தது. பிள்ளை காய்ச்சலில் முனகியது. தட்டு மட்டும் அதன் முதுகில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"தட்டு உழுற வரைக்கும் ஆஸ்பத்திரி வாசல மிதிக்கக் கூடாது. மிதிச்சா புள்ள பூனையாட்டம் கத்திக்கினே செத்துடும்" என்று சித்தர் அருள்பாலித்தார். "பூனைக்காரி எங்க?"

பூனைக்காரி கெங்கம்மாள், குப்பம்மாளின் பக்கத்து வீட்டுக்காரி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளையின் கையைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"இன்னா குப்பு, கை இப்டி கீது? இன்னும் இங்கியே குந்திக்கினு கீற?"

"தட்டு உழலியேக்கா!"

கெங்கம்மாள் சித்தரிடம் திரும்பினாள். "விஷம் கீறது தட்டுக்கு எப்டிய்யா தெரியும்?"

"விஷம் இல்லாத உடம்புல இது ஒட்டவே ஒட்டாது. சத்தியம்!"

"அப்டியா?"

பிள்ளை முதுகிலிருந்து தட்டைப் பிடுங்கினாள். தீர்த்தச் செம்பைச் சித்தரின் அகன்ற முதுகில் கவிழ்த்தாள். தட்டை வைத்து ஓங்கி ஓர் அறை.

ஒட்டிக்கொண்டது! சித்தர் எழுந்தார், குலுக்கினார், நெளிந்தார். தட்டு அசைவேனா என்றது.

"ஐயய்யோ, சாமிக்கே விஷம்!" என்று ஒரு பக்தர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்தி அப்படி.

"உன்ன எந்தப் பூன கடிச்சுது? அது யாரு ஊட்டுப் பூன? தண்டம் யாரு கட்றது?" என்று கேட்டாள் கெங்கம்மாள்.

அவள் தட்டை உரித்தெடுத்து, சித்தரின் முதுகைத் துண்டால் நன்றாகத் துடைத்து, மறுபடி வைத்தாள். டங்கென்று விழுந்தது.

"ஈரம் கீற வரைக்கும் ஒட்டுது. காஞ்சா உழுது. இதான் உன் கொல்லிமலையா?" பிறகு குப்பம்மாளிடம் சொன்னாள்: "என் பூன கடிச்சது நெசம். ஆஸ்பத்திரி செலவு என்னுது. இந்தப் பித்தளைக்கு ஒரு டப்பு தரமாட்டேன். தூக்குடி புள்ளைய!"

திருவள்ளூர் டாக்டர் இருவரையும் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் ஊசி போட்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையையே எடுக்க வேண்டியிருக்குமாம். கை பிழைத்தது.

சித்தர் அடுத்த ரயிலில் மறைந்தார். தட்டு இப்போது வேறு ஊரில் ஒட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. முதுகைக் காட்டி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெருமக்களே, ஒரே ஒரு தடவை திரும்பித்தான் பாருங்களேன்!